சாவி கொடுக்கும் வாட்சும் ஹைகென்ஸும்



அப்பாவோ தாத்தாவோ கட்டிய சாவி வாட்ச் ஒன்று உங்களில் பலருடைய பீரோவில் இருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று தினமும் பத்து, இருபது நிமிடம் முந்தி ஓடினால் என்ன காரணம்? அதற்கு விடை, 350 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது. பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு ஒளி அலைப் பாடத்தில் அறிமுகமான அதே ஹைகென்ஸ்தான்.

கிறிஸ்டியான் ஹைகென்ஸ் 1629 ஏப்ரல் 14 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்தார். தந்தை கவிஞர், அரசுப் பணியில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். எட்டு வயதில் தாயை இழந்தார். சட்டம் படித்தாலும் மனம் கணக்கில்தான். அண்ணனுடன் சேர்ந்து தாமே தேய்த்த வில்லைகளால் தொலைநோக்கி செய்து, 1655-இல் சனியின் துணைக்கோள் டைட்டனைக் கண்டுபிடித்தார். சனியைச் சுற்றி வளையம் இருப்பதைச் சரியாக விளக்கியவரும் அவரே.

வானத்தை அளக்க நேரம் துல்லியமாக வேண்டும். அன்றைய கடிகாரங்களோ ஒரு நாளில் கால் மணி நேரம்கூடப் பிசகும். 1656-இல் அவர் அமைத்த ஊசல் கடிகாரம் அந்தப் பிசகை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் ஒழுங்காக ஆடாது. சரியான நேரம் தெரியாவிட்டால் நடுக்கடலில் கிழக்கு மேற்காகத் தாம் எங்கே இருக்கிறோம் என்று மாலுமிகளுக்குத் தெரியாது. அதனால் போன உயிர்கள் ஏராளம்.

பாரிஸ் அறிவியல் கழகத்தில் பணியாற்றியபோது, 1675 ஜனவரியில் அவருக்கு வழி கிடைத்தது. முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தில் மெல்லிய சுருள் கம்பி ஒன்றைப் பொருத்தினார். அதுதான் ஹேர் ஸ்பிரிங். சட்டைப் பையில் வைக்கும் கடிகாரம் நம்பத்தக்கதானது அதற்குப் பிறகுதான்.

பெயர் மட்டும் சுலபமாகக் கிடைக்கவில்லை. மாதிரியைச் செய்துகொடுத்த துரே என்ற கடிகாரக் கலைஞரே பங்கு கேட்டார். பிறகு வருத்தம் தெரிவித்தார். லண்டனில் ராபர்ட் ஹூக், ஸ்பிரிங் யோசனை தமக்கு முன்பே தோன்றியது என்று வாதிட்டார். அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் சுருள் வடிவத்தில் ஓடும் வாட்சை உலகுக்குத் தந்தவர் ஹைகென்ஸ்.

உடல்நலம் குன்றி 1681-இல் ஊர் திரும்பினார். மணம் செய்துகொள்ளவில்லை. 1690-இல் ஒளி பற்றிய நூலை வெளியிட்டார். 1695 ஜூலை 8 அன்று காலமானார். கப்பலுக்கு ஏற்ற கடிகாரம் அவர் காலத்தில் கைகூடவில்லை. அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஜான் ஹாரிசன் அதைச் சாதித்தபோது, அதற்குள்ளும் சுருள் ஸ்பிரிங்தான் துடித்தது.

இனி உங்கள் வாட்சுக்கு வருவோம். ஹேர் ஸ்பிரிங்கில் வேலை செய்யும் நீளம் குறைந்தால் வாட்ச் வேகமாக ஓடும். கூடினால் மெதுவாக ஓடும். ரெகுலேட்டர் என்ற சிறு நெம்புகோல் அந்த நீளத்தைத்தான் கூட்டிக் குறைக்கிறது. ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட டேப்லெட் உறை ஆகியவற்றின் அருகே வாட்சை வைத்தால் ஸ்பிரிங் காந்தமேறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். எண்ணெய் பட்டாலும் அப்படியே. நீளம் குறைந்ததுபோல் ஆகி, வாட்ச் பறக்கும்.

காந்தம்தானா என்று பார்க்க வாட்சைத் திசைகாட்டியின் மேல் பிடியுங்கள். ஓட்டத்துக்கு ஏற்ப முள் துடித்தால் பெரும்பாலும் அதுதான். காந்தம் நீக்கும் கருவி உள்ள ரிப்பேர் கடையில் இது சில நிமிட வேலை. எண்ணெய் என்றால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

காரணம் பார்க்காமல் ரெகுலேட்டரை மட்டும் கடைசிவரை தள்ளுவது, கணக்கில் உதைக்கும் தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு அன்றைக்கு டாலி செய்வது போல. தவறு உள்ளேயே இருக்கும். வீட்டில் நீங்களே பின்மூடியைத் திறந்து குண்டூசியால் தொடவும் வேண்டாம். தலைமுடி போன்ற அந்தக் கம்பி ஒருமுறை வளைந்தால் நிமிர்த்தத் தேர்ந்த கை வேண்டும். அப்படிப்பட்ட மெக்கானிக்குகள் குறைந்துவருகிறார்கள்.