நந்தன் தீயில் இறங்கினான், கிந்தன் ரயில் ஏறினான்: கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் பகடி அரசியல்

திசையன்விளையைச் சுற்றியுள்ள தேரிக்காட்டு ஊர்களில் கொடை விழாக் காலம் வந்துவிட்டால் பனைமரங்களுக்கு நடுவே ஒலிபெருக்கிகள் விடிய விடிய முழங்கும். எல்லாரும் அறிந்த திரைப்பட மெட்டு ஒலிக்கத் தொடங்கும். காது கொடுத்துக் கேட்டால்தான் சொற்கள் மாறியிருப்பது தெரியும். காதலியைப் பாடிய மெட்டில் சாதிப் பெருமையும், வெற்றியைப் பாடிய மெட்டில் பக்கத்துத் தெருவுக்கான மிரட்டலும் ஏறியிருக்கும். ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வரும் மனுக்களில், எந்தச் சாதியையும் மதத்தையும் கட்சியையும் குறிக்கும் பாடல்கள் இடம்பெறக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனையாகவே ஆகிவிட்டது. மெட்டைக் கடன் வாங்கிச் சொல்லை மாற்றும் கலை இங்கே வன்முறைக்கு முன்னுரையாக இருக்கிறது என்பதை அந்த நிபந்தனையே ஒப்புக்கொள்கிறது.

இதே கலையை நேர் எதிர்த் திசையில் திருப்பிய ஒருவர் இந்த மண்ணுக்கு மிக அருகிலேயே பிறந்தார். அவரை நகைச்சுவை நடிகராகவும் வள்ளலாகவும் நினைவில் வைத்திருக்கிறோம். தலித் வாழ்வைச் சொன்ன ஒரு பெரும் பக்திக் கதையைத் தலைகீழாக்கிப் பள்ளிக்கூடத்தின் கதையாக மாற்றியவர் என்ற முறையில் அவரைப் போதுமான அளவு வாசித்ததில்லை. அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

சுடலைமுத்துவின் மகன்

1908 நவம்பர் 29 அன்று, அன்றைய திருவிதாங்கூர் அரசின் கீழிருந்த நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் கிருஷ்ணன் பிறந்தார். தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கி அம்மாள். சுடலைமாடனும் இசக்கியும் திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் ஊருக்கு ஊர் நிற்கும் தெய்வங்கள். அந்தத் தெய்வங்களின் கொடையில் பாடப்படும் வில்லுப்பாட்டுதான் கிருஷ்ணன் முதலில் கற்ற கலை. வறுமையால் படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றது. நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்ற சிறுவன், பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து மேடை ஏறினான்.

வில்லுப்பாட்டு வெறும் துதிப்பாட்டு அன்று. தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் இடத்தில், காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலோடு இணைத்துப் பாடப்படும் முத்துப்பட்டன் கதை, அருந்ததியப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்த பார்ப்பன இளைஞனின் கதை. சாதியை மீறியவனைத் தெய்வமாக்கி, அவன் கதையை நடுச்சாமத்தில் ஊர் கூடிக் கேட்கும் மரபு இது. தலைமைப் புலவர் பாட, பக்கப்பாட்டுக்காரர் இடைமறித்துக் கேள்வி கேட்க, கதைக்குள்ளேயே கிண்டலும் விவாதமும் நடக்கும். கிருஷ்ணனின் பிற்காலப் பகடிக்கு விதை இங்கேதான் விழுந்தது.

அவர் வளர்ந்த நாடு எப்படிப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதே திருவிதாங்கூரில் அய்யன்காளி 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று உழைக்கும் மக்களை ஒன்றுதிரட்டினார். பஞ்சமி என்ற சிறுமியை அவர் கைப்பிடித்து அழைத்துச் சென்ற ஊரூட்டம்பலம் பள்ளி கொளுத்தப்பட்டது. கிருஷ்ணனின் வீட்டிலிருந்து சில கல் தொலைவிலுள்ள சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாக்கிரகம் நடந்தபோது அவருக்கு வயது பதினெட்டுகூட நிறையவில்லை. திருவிதாங்கூரின் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பரில்தான் வந்தது.

கொட்டகையிலிருந்து சிறைக்கு

1935இல் வெளிவந்த 'மேனகா', 1936இன் 'சதி லீலாவதி' ஆகிய படங்களின் வழியே அவர் திரைக்கு வந்தார். 'வசந்தசேனா' படப்பிடிப்பின்போது பழகிய டி.ஏ. மதுரத்தை மணந்துகொண்டார். இருவரும் இணைந்து நடித்த நகைச்சுவைப் பகுதிகள் மூலக்கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் தனிப்படம்போல் ஓடின. தம் பாடல்களைத் தாமே பாடினார். மூடநம்பிக்கை, வரதட்சிணை, குடி, போலிச் சாமியார் என்று அவருடைய கேலிக்கு இலக்கானவை எல்லாம் ஆதிக்கத்தின் பக்கம் நின்றவை.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில், நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். 1945 மே மாதம் ஜூரிகளின் பெரும்பான்மைத் தீர்ப்பின்படி இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. பிரிவி கவுன்சில் அதை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. வி.எல். எத்திராஜ் வாதாட, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர்.

வழக்குரைஞராக நான் இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். இருவரும் புகழின் உச்சியில் இருந்தவர்கள். லண்டன்வரை போக அவர்களிடம் பணம் இருந்தது. அவர்களுக்கே ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் சிறையில் கழிந்தன, செல்வம் கரைந்தது. ஜாமீன்தாரர் கிடைக்காமல் பாளையங்கோட்டைச் சிறையில் காத்திருக்கும் ஒரு கூலித் தொழிலாளியின் நிலையை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். நீதி எல்லாருக்கும் ஒன்று என்பதைக் காட்ட இந்த வழக்கை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அது காட்டுவது அந்த நீதியை எட்ட எவ்வளவு செலவாகும் என்பதைத்தான்.

சிறைவாசம் பாகவதரின் திரைவாழ்வை முறித்தது. கிருஷ்ணனோ 'பைத்தியக்காரன்' படத்தோடு திரும்பி வந்தார். அவருடைய சிரிப்பு முன்பைவிடக் கூர்மையாயிற்று. அந்தக் கூர்மையின் உச்சம்தான் கிந்தனார்.

நந்தன் கிந்தனான கதை

பெரிய புராணத்தில் வரும் ஆதனூர் நந்தனார், கோயில் முரசுகளுக்குத் தோல் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்கியது. அவர் மட்டும் வெளியே நின்றார். தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகே தில்லைக்குள் நுழைய முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதை நந்தனார் சரித்திரமாக்கியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார். நிலவுடைமையாளரான வேதியர் அவர். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் அந்த ஆண்டை. பக்திக் கதைக்குள் பண்ணையடிமை முறை இப்படித்தான் பதிவானது. கதாகாலட்சேபங்களில் அது ஊர் ஊராகப் பரவியது. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராயினர். இசை உருகவைத்தது. ஆனால் உருகி அழுத பார்வையாளர்கள் வீடு திரும்பும்போது சேரிக்கும் ஊருக்கும் இடையிலிருந்த தூரம் அப்படியே இருந்தது.

கிருஷ்ணன் அந்தக் காலட்சேப வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். பாகவதர் கோலம், பக்க வாத்தியம், பாட்டுக்கு நடுவே உரை, நடுநடுவே தத்துவம் எல்லாம் அதில் உண்டு. மாறியது கதை. நந்தன் கிந்தனானான். சிதம்பரத்துக்குப் போகவேண்டும் என்ற ஏக்கம் பட்டணம் போய்ப் படிக்கவேண்டும் என்ற ஏக்கமாயிற்று. தீக்குண்டம் இருந்த இடத்தில் ரயில் வந்து நின்றது. சீட்டு வாங்கிய எவரையும் சாதி கேட்காமல் ஏற்றிக்கொள்ளும் அந்த வண்டியில் ஏறிப் போகிறான் கிந்தன். படித்துத் தேறி, அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்புகிறான். 1949இல் அண்ணா எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய 'நல்லதம்பி' படத்தில், உடுமலை நாராயணகவியின் வரிகளோடு இது இடம்பெற்றது.

இங்கே யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதே கேள்வி. சேரிச் சிறுவனின் ஆசையைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. அவன் தூய்மையடைய நெருப்பில் இறங்கவேண்டும் என்று சொன்ன மரபின் பாவனைகளே நகைப்புக்குரியவையாகின்றன. நந்தன் தன் உடலை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கிந்தன் எதையும் எரிக்கவில்லை. மாறவேண்டியது அவனைச் சுற்றியிருந்த உலகம்.

சிரிப்புப் பாட்டின் உலக வரலாறு இவ்வளவு கண்ணியமானதன்று. அமெரிக்காவில் ஒலிப்பதிவுத் தொழில் தொடங்கிய 1890களில் பெயர்பெற்ற முதல் கறுப்பினப் பாடகர் ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன். வெர்ஜீனியாவில் அடிமை முறை நிலவிய காலத்தில் பிறந்தவர். அவருக்குப் புகழ் தந்தவை ஒரு சிரிப்புப் பாட்டும் ஒரு விசில் பாட்டும்தான். அந்தப் பாட்டுகள் கறுப்பினத்தவரையே கேலி செய்தன. தன்னைத் தானே இழிவாகப் பாடினால்தான் தொழிலில் இடம் உண்டு என்ற நிலையில் அவர் நிறுத்தப்பட்டார். கேலிப் பாட்டு கீழ்நோக்கி அடிக்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கு அது சான்று. மேல்நோக்கி அடிக்கவும் முடியும் என்பதற்குக் கிந்தனார் சான்று.

காலமும் கவனிக்கத்தக்கது. 1948இல் வெளிவந்த தீண்டப்படாதார் குறித்த தம் நூலை அம்பேத்கர் நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று, தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை அரசியல் நிர்ணய சபை ஏற்றது. பின்னாளில் அதுவே பிரிவு 17 ஆனது. தற்செயலாக அன்று கிருஷ்ணனின் நாற்பதாவது பிறந்தநாள். அடுத்த ஆண்டு கிந்தன் திரையில் ரயில் ஏறினான்.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்வது நம் வேலையன்று. கிந்தனார் சில கேள்விகளைத் தொடாமல் விட்டது. பாரதியின் கதையில் தெளிவாக நின்ற அந்த நாற்பது வேலி நிலம் கிந்தனின் கதையில் மங்கிப்போகிறது. ஒருவன் படித்து மேலே வருவது விடுதலையின் தொடக்கம். அவன் குடும்பத்தார் கூலிக்கு உழைக்கும் வயல் யாருடையது என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடாது. கதையைச் சொன்னவரும் தலித் அல்லர். நம் கதையை நமக்காக இன்னொருவர் நகைச்சுவையாகச் சொல்லும்போது, நம் கோபம் எவ்வளவு தூரம் அதில் ஏறும் என்ற ஐயம் நியாயமானது.

அந்த மெட்டு நம் கைக்கு வந்த வரலாறும் உண்டு. பண்ணைப்புரத்துத் தலித் குடும்பத்தில் பிறந்த பாவலர் வரதராசன், இளையராஜாவின் அண்ணன், மக்கள் அறிந்த திரை மெட்டுகளில் உழைப்பாளரின் அரசியலை ஏற்றிப் பொதுவுடைமை மேடைகளில் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாட்டு ஒலித்தது. கிந்தனுக்காக ஒருவர் பாடிய காலத்துக்குப் பின், கிந்தன்களே பாடத் தொடங்கிய காலம் அது.

சட்டமும் இதற்கு ஓரளவு இடம் தருகிறது. கிருஷ்ணன் மறைந்த 1957ஆம் ஆண்டில்தான் இன்றைய பதிப்புரிமைச் சட்டம் நிறைவேறியது. அதில் பகடி என்ற சொல் இல்லை. விமரிசனத்துக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாளலாம் என்ற விதிவிலக்கு 52ஆம் பிரிவில் உண்டு. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற கம்யூனிச நாடகத்துக்கு எதிர்நாடகம் ஒன்று எழுதப்பட்டபோது வழக்கு கேரள உயர் நீதிமன்றம்வரை சென்றது. இயக்கத்துக்காக உழைத்த அடித்தட்டு மக்கள் மறக்கப்பட்டதைக் கேள்வி கேட்ட நாடகம் அது. விமரிசிப்பதற்காக மூலத்திலிருந்து எடுத்தாள்வது திருட்டாகாது என்ற பார்வையை 1996இல் நீதிமன்றம் ஏற்றது. மூலத்தைக் கேள்வி கேட்கும் பகடிக்கு அந்தத் தீர்ப்பு ஒரு கேடயம்.

கிருஷ்ணன் 'மணமகள்', 'பணம்' படங்களை இயக்கினார். திருநெல்வேலிச் சீமையின் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து வில்லுப்பாட்டை மாநகர மேடையில் ஏற்றினார். வந்தவருக்கெல்லாம் கொடுத்து, கையில் எதுவும் மிஞ்சாமல், 1957 ஆகஸ்ட் 30 அன்று நாற்பத்தெட்டு வயதில் மறைந்தார். 1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரில் அவர் சிலையைத் திறந்ததே அண்ணாவின் கடைசிப் பொது நிகழ்ச்சி.

2023 ஆகஸ்டில், திசையன்விளைக்கு அருகேயுள்ள நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் உடன் பயின்ற மாணவர்கள். அதன் பிறகே பள்ளிகளில் சாதி உணர்வைக் களைய நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது, 2024இல் அறிக்கையும் தந்தது. கிந்தன் ரயில் ஏறி முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும், பள்ளிக்குப் போன பிள்ளை பாதுகாப்பாக வீட்டில் உறங்க முடியவில்லை. அந்த மாணவர்களின் காதுகளில் எந்தப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது என்று நாம் கேட்டாக வேண்டும்.

தடை உத்தரவால் ஒலிபெருக்கியை அணைக்க முடியும். அணைந்த இடத்தில் வேறு பாட்டு ஒலிக்காவிட்டால் பழையதே திரும்பி வரும். கல்லூரிகளில் பறையும் வில்லும் கிதாரும் ஏந்தி நிற்கும் இளைஞர்கள் கிந்தனாரைத் தேடிக் கேட்க வேண்டும். கேட்டபின் அதையும் மாற்றிப் பாட வேண்டும். அவர்களுடைய கிந்தன் ரயில் ஏறட்டும், படிக்கட்டும். திரும்பி வந்து அந்த நாற்பது வேலிக்கான பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்கட்டும்.