சிவகாமி அம்மாளின் மகன்



காமராசரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறதென்று நீங்கள் கேட்கலாம். நம் மாதவரத்தில் அவர் பெயரை அறியாத வீடு ஏது? ஆயினும் அவர் கட்டிய அணைகளையும் திறந்த பள்ளிகளையும் பற்றிப் பேசுகிற நாம், அவரை வளர்த்த வீட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இந்த வாரம் அந்த வீட்டுக்குள் சற்று நுழைந்து பார்ப்போம்.

1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, அந்நாளில் விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில் அவர் பிறந்தார். தகப்பனார் குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரி. தாயார் சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் பெயரால் பிள்ளைக்குக் காமாட்சி என்று பெயரிட்டார்கள். தாயாரோ ராஜா என்று கொஞ்சுவார். இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆயிற்று.

பிள்ளைக்கு ஆறு வயதில் தகப்பனார் காலமானார். சிவகாமி அம்மாள் தம் நகைகளை விற்று, அந்தப் பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்து வைத்து, மாதாமாதம் வந்த வட்டியில் மகனையும் மகள் நாகம்மாளையும் காப்பாற்றினார். பாட்டி பார்வதி அம்மாள் உடனிருந்தார். கைம்பெண்ணாகிப் பிள்ளைகளை வளர்க்கிற தாய்மார் நம் பங்கிலும் உண்டு. அந்த வட்டிப் பணத்தின் அருமை அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிறுவன் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலையின் கதை கேட்கத் தக்கது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார்கள். அப்படிச் சேர்ந்த பிடி அரிசியின் உதவியால் நடந்த பள்ளிக்கூடம் அது. ஆனால் அங்கும் அவர் நெடுநாள் படிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார்.

மாமன் நல்லவர்தாம். வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை கடையில் நிலைத்துவிட வேண்டுமென்பதே அவர் விருப்பம். பையனோ கடையை விட்டுக் கூட்டங்களுக்கு ஓடினான். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், பிற்காலத்தில் ரோசாப்பூ துரை என்று மக்கள் கொண்டாடிய கிறிஸ்தவ வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பும் பேசிய பேச்சுக்கள் அவனைக் கவர்ந்துவிட்டன. ஆகவே வீட்டார் அவனைத் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். கூடாத சேர்க்கையை முறிக்கப் பிள்ளையை வெளியூர் உறவினரிடம் அனுப்பும் தகப்பன்மாரே, நடந்ததைக் கேளுங்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924-ல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் எழுந்தது. எதிலிருந்து விலக்க அனுப்பினார்களோ, அதிலேயே பிள்ளை போய்ச் சேர்ந்தான். தொடக்கத்தில் அங்கே முன்னின்று சிறை சென்றவர்களில் ஒருவர் அதே ஜார்ஜ் ஜோசப்!

ஊருக்குத் திரும்ப அழைத்துக் கலியாணம் பேசினார்கள். அவர் இணங்கவில்லை, கடைசிவரை இணங்கவுமில்லை. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் முதற்சிறை. வாழ்நாளில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. 1933-ல் வெடிகுண்டு வழக்கொன்றில் அவரைச் சிக்க வைத்தபோது, வாதாடி மீட்டவர்களிலும் ஜார்ஜ் ஜோசப் இருந்தார். இத்தனை ஆண்டுகளும் தாயார் வீட்டில் காத்திருந்தார். பேரப்பிள்ளைகளை மகள் வழியில்தான் கண்டார்.

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி மகன் முதன் மந்திரியானார். இனியாவது வீட்டுக்கு விடிவு காலம் என்று ஊரார் எண்ணியிருப்பார்கள். அவரோ தாயாரைச் சென்னைக்கு அழைத்துக்கொள்ளவில்லை. அழைத்தால் உறவினரும் பின்தொடர்வர், சிபாரிசும் பின்தொடரும் என்ற அச்சம். மாதம் 120 ரூபாய் அனுப்பி வந்தார். முதன் மந்திரியின் தாயைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சோடா, கலர் வாங்கிக் கொடுக்கவே செலவாகிறது, இன்னும் 30 ரூபாய் வேண்டும் என்று அம்மாள் சொல்லியனுப்பியதாகவும், மகன் மறுத்ததாகவும் சொல்வார்கள். தெருக் குழாய்க்குப் போக வேண்டாமென்று நகராட்சியார் அந்த வீட்டுக்குத் தனிக் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். செய்தி அறிந்ததும் அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், இந்தக் குழாய்க் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் சற்று நோகிறது. வயதான தாய்க்கு ஒரு குடம் தண்ணீர்கூடவா ஆகாது? மறு கணமே நம் தெருக்களில் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டில் முதன் மந்திரி இல்லையே! எந்தப் பக்கம் நியாயம் என்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

ஆனால் அதே கை 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. உங்களில் முதியோர் சிலர் அந்தச் சோற்றை உண்டவர்களாக இருப்பீர்கள். அதற்கு முதலில் ஊர் மக்களிடமே கையேந்தினார். விருதுநகரின் பிடி அரிசி அவர் நெஞ்சில் இருந்திருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன்.

1963-ல் கட்சிப் பணிக்காகப் பதவியைத் தாமே துறந்தார். 1969-ல் சிவகாமி அம்மாள் கண் மூடினார். 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி மகனும் சென்னையில் காலமானார். விருதுநகரில் அந்தச் சிறு வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. மதுரைப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள்.