பேரை மாத்திக்கிட்ட கதைக்காரர்

போன மாசம் இந்த இடத்துல காமராஜரைப் பற்றி படிச்சிருப்பீங்க. இந்த மாசம் என் முறை. தமிழ் ஐயா யாரைப் பற்றி வேணும்னாலும் எழுதுன்னு சொல்லிட்டாங்க. நான் எழுதப் போறது ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் பற்றி. புதையல் தீவு கதையை எழுதினவர். ஒற்றைக்கால் கடற்கொள்ளைக்காரன் ஜான் சில்வர் வருவானே, அந்தக் கதைதான்.

இவரை நான் ஏன் எடுத்தேன்னு முதல்லயே சொல்லிடுறேன். எனக்கு ஈளை உண்டு. என் வகுப்புல எல்லாருக்கும் தெரியும். ஐப்பசி மழை விழுந்தா எனக்கு இழுக்க ஆரம்பிச்சிடும். போன வருஷம் மூணு வாரம் பள்ளிக்கூடம் வரல. படுத்துக்கிட்டே படிச்ச புத்தகங்கள்ல ஒண்ணு இவரைப் பற்றினது. இவரும் படுத்துக் கிடந்த ஆள்தான்.

1850 நவம்பர் 13-ஆம் தேதி ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ நகரத்தில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா தாமஸ், தாத்தா ராபர்ட் எல்லாரும் கலங்கரை விளக்கம் கட்டுகிற பொறியாளர்கள். கடல் நடுவுல, அலை ஏறினா மூழ்கிப் போற பாறை மேல பெல் ராக் விளக்கத்தைக் கட்டினது இவருடைய தாத்தாதான். பேரனுக்கோ நெஞ்சில் பலமில்லை. இருமல், காய்ச்சல், ராத்திரி தூக்கமில்லை. அலிசன் கன்னிங்ஹாம் என்ற செவிலித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லி விடியவைப்பாராம். பின்னால், 1885-ல், குழந்தைப் பாடல் புத்தகம் போட்டபோது அதை அந்த அம்மாவுக்குத்தான் காணிக்கை ஆக்கினார்.

அப்பா சொன்னபடி பொறியியல் படிக்கப் போய், பிடிக்காம சட்டம் படிச்சு, வக்கீலாவும் ஆகி, கடைசியில் எழுத்துக்கே வந்துட்டார். 1880-ல் பேனி என்ற அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். அந்த அம்மாவுக்கு முதல் கல்யாணத்தில் லாயிட் என்ற பையன் இருந்தான். 1881-ல் ஒரு மழைக்கால விடுமுறையில், வெளியே போக முடியாம வீட்டுக்குள்ள உட்கார்ந்து ஒரு தீவின் வரைபடம் வரைஞ்சு விளையாடினதுல பிறந்ததுதான் புதையல் தீவு. 1883-ல் புத்தகமா வந்தது. 1886-ல் டாக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைடு கதை. உலகம் முழுக்கப் பேர். ஆனா நோய் மட்டும் போகல. சில நாள் இருமினா ரத்தம் வரும்.

நல்ல காற்று வேணும்னு 1888 ஜூன் 28-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து காஸ்கோ என்ற பாய்க்கப்பலில் கிளம்பினார். கூட மனைவி, லாயிட், தன் வயசான அம்மா. பசிபிக் பெருங்கடல். பாலினீசியாத் தீவுகள் என்று பூகோளத்தில் படிக்கிறோமே, அந்தப் பக்கம். மார்க்கெசஸ் தீவுகள், பவளத் தீவுகள் எல்லாம் பார்த்துவிட்டு டஹிட்டி தீவுக்கு வந்தபோது உடம்பு ரொம்ப மோசமாயிடுச்சு. அந்தத் தீவின் பெரிய ஊர் பப்பீட்டே. அங்க இருந்தா பிழைக்க மாட்டார்னு, பேனி அம்மா ஒரு சீனக்காரரிடம் வண்டியும் குதிரையும் பிடிச்சு, தீவின் இன்னொரு கோடியில் இருக்கிற டவுதிரா என்ற கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனார். போய்ச் சேரும்போது அவருக்கு நினைவே சரியில்லை.

டவுதிரா ஒரு கடலோரச் சின்ன ஊர். பின்னாடி பச்சை மலை. மலையிலிருந்து வைதெப்பிகா ஆறு இறங்கி வந்து ஊர் பக்கத்திலேயே கடலில் சேருது. கறுப்பு மணல். சாலை அந்த ஊரோட முடிஞ்சிடும், அதுக்கு மேல போக வழி கிடையாது. படிக்கும்போது எனக்கு நம்ம ஊர்தான் ஞாபகம் வந்தது. நமக்குக் கடல் இல்லதான். ஆனா சிற்றாறும் அனுமன் நதியும் சேர்ற இடத்துல சாயங்காலம் நின்னு மேற்கே மலையைப் பார்த்தா அப்படித்தானே இருக்கும்?

அந்த ஊரில் யாரும் இவர் புத்தகத்தைப் படிச்சது கிடையாது. வந்திருப்பது ஒரு நோயாளி, அவ்வளவுதான் தெரியும். மொயே என்ற இளவரசி, வந்தவருக்கு உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டு வந்து, பச்சை மீனைத் தேங்காய்ப்பால் சாறில் போட்டுக் கொடுத்தார். (எங்க ஆச்சிகிட்ட இதைச் சொன்னேன். ஈளைக்காரனுக்குப் பச்சை மீனான்னு தலையில் அடிச்சுக்கிட்டாங்க.) அவர் சாப்பிட்டார், தேறினார். பிறகு ஊரின் துணைத்தலைவர் ஓரி தன் வீட்டையே கொடுத்துவிட்டார். ஓரி ஆறடிக்கு மேல் உயரம். ரெண்டு பேரும் அந்த நாட்டு வழக்கப்படி பேரை மாத்திக்கிட்டாங்க. ஸ்டீவன்சனுக்குத் தெரீதெரா என்று ஓரி குடும்பத்துப் பேர். ஓரிக்கு லூயி. ஆனா டஹிட்டி மொழியில் ல என்ற ஒலி கிடையாது, அதனால் ருயி!

சீக்கிரம் கிளம்பத்தான் நினைச்சாங்க. கப்பல் பாய்மரம் உள்ளே உளுத்துப் போயிருந்தது அங்கதான் தெரிஞ்சது. நடுக்கடலில் முறிஞ்சிருந்தா எல்லாரும் போயிருப்பாங்க. கப்பல் பழுது பார்க்க பப்பீட்டே போயிடுச்சு. வாரம் வாரமா வரல. கையிலிருந்த பணமும் தீர்ந்தது, சாப்பாடும் தீர்ந்தது. எவ்வளவு பெரிய எழுத்தாளர், ஆனா அன்னைக்கு அடுத்த வேளைக்கு வழியில்லை. ஓரி இதைக் கவனிச்சிருக்கார். உங்க சாப்பாடு தீர்ந்தது எனக்குத் தெரியும், மீனும் கிழங்கும் என்னிடம் நிறைய இருக்கு, கப்பல் வரும்வரை இங்கேயே இருங்க, அழக்கூடாது என்று சொன்னாராம். ஸ்டீவன்சன் கையில் முகத்தைப் புதைச்சு அழுதுவிட்டார்.

இந்த இடத்தை மட்டும் நான் நாலு தடவை படிச்சேன். நான் படுத்துக் கிடந்தப்ப எங்க அம்மா மூணு வாரம் பீடி சுத்தப் போகல, என் பக்கத்துலயே இருந்தாங்க. பக்கத்து வீட்டு ஆச்சி தினமும் ஒரு தூக்குச்சட்டியில் ரசஞ்சோறு கொண்டு வந்து வச்சிட்டு எதுவும் சொல்லாமப் போவாங்க. எனக்கு அதைச் சாப்பிட வெட்கமா இருந்தது. ஒரு நாள் வேண்டாம்னு திருப்பிக்கூட அனுப்பினேன். அம்மா அன்னைக்கு ஒண்ணும் பேசல.

ஓரி அதோட விடல. கப்பலுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கத் தன் படகை எடுத்துக்கிட்டு, மோசமான கடலில் பப்பீட்டே போய், சாமானும் சேதியும் கொண்டு வந்தார். அந்த ஒன்பது வாரத்தில் ஸ்டீவன்சன் எழுதவும் செய்தார். ராஹெரோ என்ற வீரனைப் பற்றி அந்த ஊர்க்காரங்க சொன்ன கதையைப் பாட்டாக்கி ஓரிக்கே காணிக்கை செய்தார். 1888 டிசம்பர் 25-ல் கப்பல் கிளம்பியது.

நம்ம ஊருக்கும் இது புதுசு இல்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் இங்க ஊற்றுமலை ஜமீன் அரண்மனையில் மருதப்பத் தேவர், காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை வச்சுப் பார்த்துக்கிட்டார். ரெட்டியார் 1891-ல் இளம் வயசிலேயே இறந்துட்டார்.

ஸ்டீவன்சன் மறுபடி குளிர் நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஹவாயில் தொழுநோயாளிகள் இருந்த மொலக்காய் தீவுக்குப் போய், அங்க படிச்ச பெண் பிள்ளைகளோட பந்து விளையாடினார். அப்புறம் சமோவா தீவில் வைலீமா என்ற இடத்தில் வீடு கட்டினார். அந்த மக்கள் வச்ச பேர் துசிதாலா, அதாவது கதை சொல்லி. கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பிறந்ததால் தனியா பிறந்தநாள் இல்லையேன்னு வருத்தப்பட்ட ஒரு சிறுமிக்கு, 1891-ல் தன் பிறந்தநாளைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டார். வக்கீல் படிப்பு அதுக்காவது உதவிச்சே! சிறையில் இருந்த சமோவாத் தலைவர்களுக்கு உணவு கொடுத்துப் பார்த்துக்கிட்டார். விடுதலையானதும் அவங்க 1894-ல் அவர் வீட்டுக்கு ஒரு சாலையே போட்டுக் கொடுத்தாங்க.

அதே வருஷம் டிசம்பர் 3 சாயங்காலம் மூளையில் ரத்தக்குழாய் வெடிச்சு இறந்தார். வயசு 44. இத்தனை வருஷம் பயப்பட்ட நெஞ்சு நோயால இல்லை. சமோவா மக்கள் ராவோட ராவா காட்டை வெட்டி வழி செய்து, தோளில் தூக்கிட்டுப் போய், வாயேயா மலை உச்சியில் புதைச்சாங்க.

கீழே இருக்கிற வரைபடம் நானும் என் பெஞ்சுக்காரனும் வரைஞ்சது. நம்ம வகுப்புப் படத்தில் டவுதிரா இல்லை. சிவப்புப் புள்ளி நாங்க வச்சது, யாரும் அழிச்சிடாதீங்க. தூக்குச்சட்டியை நேத்து ஆச்சி வீட்டில் நானே கொண்டு போய்க் கொடுத்தேன். உள்ளே எங்க அம்மா செய்த அவல் இருந்தது.