பட்டாளத்துக் கவிஞர் வில்பிரட் ஓவன்

நம்மைப் போலவே பத்திரிகை நடத்திய ஒருவரைப் பற்றி இந்த முறை எழுதுகிறேன். ஆனால் அவர் நடத்தியது பள்ளிக்கூடத்தில் இல்லை, ஆஸ்பத்திரியில்!

வில்பிரட் ஓவன் 18.3.1893ல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நாலு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். முதல் உலகப்போர் ஆரம்பித்தபோது பிரான்சில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார். 1915ல் பட்டாளத்தில் சேர்ந்தார்.

1917 ஏப்ரலில் போர்க்களத்தில் ஒரு குண்டு வெடித்து அவரைத் தூக்கி எறிந்தது. ரயில் பாதை ஓரத்துப் பள்ளத்தில் பல நாள் கிடந்தார். பக்கத்திலேயே செத்துப்போன இன்னொரு அதிகாரியின் உடல். திரும்பி வந்தபோது வெளியில் பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனால் உடம்பு நடுங்கியது, பேச்சு திக்கியது, ராத்திரி தூங்கினால் கெட்ட கனவு. இதற்கு ஷெல் ஷாக் என்று பெயர். கை கால் போனால் வீரன், இது வந்தால் பயந்தாங்கொள்ளி என்று பேசினவங்க அப்போ நிறைய பேர். இது என்ன நியாயம்? காயம் மனசுல பட்டால் அது காயம் இல்லையா?

ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் உள்ள கிரெய்க்லாக்ஹார்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் புரோக் என்பவர் அவரைச் சும்மா படுத்துக் கிடக்க விடவே இல்லை. ஏதாவது வேலை செய்தால்தான் மனசு தேறும் என்பது அவர் வைத்தியம். அதனால் ஓவன் 'ஹைட்ரா' என்ற ஆஸ்பத்திரிப் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். செடிகளுக்கு யோசிக்கத் தெரியுமா என்று ஒரு கூட்டத்தில் பேசினார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குப் பாடம்கூட நடத்தினார். திக்குகிற ஒருத்தர் பாடம் நடத்தினார் என்பதை நினைத்துப் பாருங்கள்!

ஜூலையில் சசூன் என்ற பெரிய கவிஞரும் நோயாளியாக அங்கே வந்தார். ஓவன் கூச்சத்தோடு அவருடைய புத்தகத்தை எடுத்துப்போய்க் கதவைத் தட்டிக் கையெழுத்து கேட்டார். அப்படியே சிநேகம் ஆகிவிட்டது. ஓவன் எழுதியதைச் சசூன் திருத்திக் கொடுத்தார். போரைப் பெருமையாகப் பாடாமல், பார்த்ததை உள்ளபடி எழுத ஓவன் பழகியது அங்கேதான். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் சசூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் மதிக்கிற பெரியவர்கள் பெயரை எல்லாம் கணக்கு மாதிரி கூட்டல் குறி போட்டு எழுதி, அத்தனை பேரும் சேர்ந்தவர்தான் நீங்கள் என்று சொன்னார். அம்மா சூசனுக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் 500க்கு மேல் இருக்கின்றன.

1918ல் மறுபடியும் போர்க்களத்துக்குப் போனார். அக்டோபரில் காட்டிய வீரத்துக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். பயந்தாங்கொள்ளிக்கா பதக்கம் கொடுப்பார்கள்? நவம்பர் 4ஆம் தேதி பிரான்சில் ஒரு கால்வாயைக் கடக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 25தான். ஒரே வாரத்தில் போர் முடிந்தது. நவம்பர் 11, ஊரெல்லாம் சந்தோஷத்தில் கோயில் மணி அடிக்கிற நேரத்தில் அந்த அம்மா கைக்குத் தந்தி வந்தது. பாவம்.

அவர் உயிரோடு இருந்தவரை அச்சில் வந்த கவிதைகள் ஐந்தே ஐந்து. 1920ல் சசூன் முன்னுரையோடு புத்தகம் வந்தது.

அதே 1920ல் சூசன் அம்மா நம்ம தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடைசியாகப் பிரிந்து போனபோது மகன் சொன்ன வரிகள், அவன் பாக்கெட் நோட்டில் தாகூர் பெயரோடு எழுதி இருந்ததாம். அந்தக் கவிதை முழுசும் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும் என்று கேட்டிருந்தார். அது கீதாஞ்சலி.