சர் ஆர்தர் காட்டன்

படைத்தொழில் பூண்டோரின் புகழ் பெரும்பாலும் அவர்கள் வென்ற போர்களால் நிலைபெறும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் படைப்பணி புரிந்த சர் ஆர்தர் காட்டனின் புகழோ, அவர் எடுத்த அணைகளால் நிலைபெற்றது. பசியே அவர் எதிர்த்து நின்ற பெரும்பகை.

காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அடிஸ்கோம்பு என்னும் ஊரில் நடத்திய படைப்பள்ளியில் பயின்று, இளமையிலேயே சென்னைப் பொறியாளர் படையில் அலுவலர் ஆனார். 1821இல் சென்னை வந்து சேர்ந்தார். 1824இல் மூண்ட முதல் பர்மியப் போரில் கலந்துகொண்டார். போர் முடிந்து திரும்பிய சில ஆண்டுகளில், காவிரிப் பாசனத்தை ஆராயும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவே அவருடைய வாழ்க்கையை வேறு வழியில் திருப்பியது.

சோழநாடு சோறுடைத்து என்னும் பெருமைக்கு அந்நாளில் இடையூறு நேர்ந்திருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. காவிரியின் படுகையோ மணல் படிந்து மேடிட்டு வந்தது. ஆகவே, வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கி வீணே கடலில் கலந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தஞ்சை வயல்களுக்குப் பாயும் நீர் குறைந்தது.

கொள்ளிடத்தின் குறுக்கே அணை எடுத்தாலன்றி இக்குறை நீங்காது என்று காட்டன் கண்டார். ஆனால், பாறையே தென்படாத ஆழ்ந்த மணலில் அணை எங்ஙனம் நிற்கும்? இவ்வினாவிற்கு விடை கரிகாலன் கல்லணையில் இருந்தது. மணற்படுகையின்மீதே பழந்தமிழர் அமைத்த அக்கல்லணை, பல நூற்றாண்டு வெள்ளத்தையும் தாங்கி நின்றது. காட்டன் அதனைக் கூர்ந்து ஆராய்ந்தார். மணலில் அடித்தளம் அமைக்கும் முறையை அதனிடமிருந்து கற்றார். கற்றதை மறைக்கவும் இல்லை. அம்முறையைத் தமக்குக் கற்பித்தவர்கள் பெயர் அறியப்படாத அப்பழைய கட்டுநர்களே என்று பிற்காலத்தில் மனமுவந்து எழுதினார். அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல்லும் ஆங்கிலத்தில் ‘அனிகட்’ என்று இடம் பெற்றது.

1836இல் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. மேலணை காவிரிக்குரிய நீரைக் காவிரிக்கே திருப்பியது. கீழணை, கொள்ளிடத்தில் எஞ்சிய நீரையும் தேக்கிப் பாசனத்திற்கு உதவியது. தஞ்சை வயல்கள் மீண்டும் செழித்தன.

அடுத்து அவர் கருத்து கோதாவரியின்மீது சென்றது. 1833ஆம் ஆண்டை ஒட்டி ஆந்திரக் கடற்கரைப் பகுதியைக் கொடிய பஞ்சம் வாட்டியது. கண்ணெதிரே பேராறு கடலுக்கு ஓட, அதன் கரையில் மக்கள் உணவின்றி மாண்டனர். இக்கொடுமை ஆற்றின் குறையன்று, ஆள்வோரின் குறையே என்பதைக் காட்டன் உணர்ந்தார். பெருஞ்செலவிற்குத் தயங்கிய கம்பெனியாரிடம் விடாது வாதாடினார். 1847இல் தவளேசுவரத்தில் வேலை தொடங்கிற்று. தீவுகளால் நான்காகப் பிரிந்து கிடந்த ஆற்றின் குறுக்கே, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்திற்கு அணை எழுப்ப வேண்டியிருந்தது. கடுவெயிலில் உழைத்த காட்டன் இடையே உடல் நலிந்து விடுப்பில் செல்ல நேர்ந்தது. நலம்பெற்றதும் மீண்டும் வந்து பணியைத் தொடர்ந்தார். ஆயிரக்கணக்கான தொழிலாளர் உழைப்பால் 1852இல் அணை நிறைவெய்தியது. பஞ்சத்திற்கு இரையான கோதாவரிக் கழிமுகம் நெற்களஞ்சியமாயிற்று.

1860இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் ஓயவில்லை. 1861இல் சர் பட்டம் பெற்றார். இந்தியாவில் இருப்புப்பாதைகளுக்குப் பெரும்பொருள் செலவிடும் அரசு, பாசனத்திற்கும் கால்வாய்களுக்கும் முதலிடம் அளிக்க வேண்டும் என்று இடையறாது எழுதியும் பேசியும் வந்தார். அவர் கூறியதைப் பலர் ஏற்கவில்லை. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். 1878இல் ஆங்கிலப் பாராளுமன்றக் குழு அவரை அழைத்து விசாரித்தது. எழுபத்தைந்து வயதான காட்டன், எதிர்ப்புக்கு அஞ்சாது தம் கொள்கையை அங்கும் வலியுறுத்தினார்.

1899ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தொண்ணூற்றாறாம் வயதில் அவர் மறைந்தார். தவளேசுவரத்தில் பழைய அணைக்கு மாற்றாக 1982இல் நிறைவுற்ற புதிய அணை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. முக்கொம்பு மேலணை 182 ஆண்டுகள் பணியாற்றிய பின், 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஒரு பகுதி உடைந்தது.

கல்லும் சுண்ணமும் காலத்தால் தேயும். அணைகள் மாற்றிக் கட்டப்படும். ஆயினும், ஆறு ஓடும் நாட்டில் மக்கள் பசியால் மடிதல் ஆகாது என்று எண்ணிய அவ்வுள்ளத்தின் பயனை, காவிரியும் கோதாவரியும் பாயும் வயல்கள் தலைமுறை தலைமுறையாக நுகர்ந்து வருகின்றன. முன்னோர் அறிவைப் பணிவோடு கற்று, அதனைப் பிறர் பசி தீர்க்கப் பயன்படுத்தியதே காட்டனின் பெருமையாகும்.