மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 - பெப்ரவரி 18, 1996) தமிழகத்தைச் சேர்ந்த இயற்கையியல் எழுத்தாளரும் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். எழுத்தாளர் அ. மாதவையாவின் கடைசி மகனாகத் திருநெல்வேலியில் பிறந்தார். தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும் வரை இயற்கை குறித்து எழுதிவந்தார்.

இவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுள் யானைகளின் படங்கள் சிறப்பானவை. கையில் எளிதில் ஏந்தத்தக்க, எடை குறைந்த தொலைவில்லைகள் இல்லாத காலம் அது. ஒரு நிறுவனத்தின் ஒளிப்படக்கருவியோடு வேறொரு நிறுவனத்தின் தொலைவில்லையைப் பொருத்தி, ஏனைய உறுப்புகளையும் தாமே இணைத்து ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். அதன் கனத்தைக் கருதியே போலும், சூப்பர் பாண்டரோசா எனப் பெயரிட்டார். விலை உயர்ந்த கருவிகளைவிட விலங்கின் இயல்பை அறிந்து காத்திருப்பதே இவருக்குக் கைகொடுத்தது.

1968 இல் ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கையைப் பெற்றார். பத்மசிறீ விருதும் பெற்றுள்ளார்.