பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் செவிலியர் கல்வியும்

செவிலி என்னுஞ் சொல் நம் பண்டை அகப்பொருள் நூல்களிற் பயின்று வருவது. தலைவியை ஈன்றவள் நற்றாய் எனவும், வளர்த்தெடுத்தவள் செவிலி எனவும் வழங்கப்பெற்றனர். நோயாளரைப் பேணும் மகளிர்க்கு இப்பெயரைப் பிற்காலத்தார் இட்டது பொருத்தமே. ஆங்கிலத்திலும் குழந்தையை வளர்ப்பவளுக்கும் நோயாளரைப் பேணுபவளுக்கும் பெயர் ஒன்றுதான். ஆயின் இப்பெயரொற்றுமையோடு ஒரு தவறான எண்ணமும் உடன் வளர்ந்தது. நோயாளரைப் பேணுதல் பெண்டிர்க்கு இயல்பாகவே வருவது, அதற்குத் தனிக்கல்வி எற்றுக்கு என்பதே அது. அவ்வெண்ணத்தை மாற்றி, செவிலியர் தொழில் நோயாளர் படுக்கையருகே நின்று வல்லார் மேற்பார்வையிற் கற்றற்குரியதென நாட்டியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர் வரலாற்றை, சிறப்பாக அவர் கண்ட பள்ளியின் வரலாற்றை, ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரிற் பிறந்தார்; அந்நகரின் பெயரே அவர்க்கும் பெயராயிற்று. பெற்றோர் இங்கிலாந்திற் பெருநிலமுடைய செல்வர். தந்தையார் வில்லியம் தம் பெண்மக்கள் இருவர்க்கும் தாமே ஆசிரியராய் அமர்ந்து, கிரேக்கம், இலத்தீன், வரலாறு முதலியவற்றைக் கற்பித்தார். கணக்கில் இளைய மகளார்க்கு இருந்த பற்று வீட்டாரை வியப்பிலாழ்த்தியது. அப்பற்று வீண்போகவில்லை என்பது பின்னர் விளங்கும்.

இருபத்தைந்தாம் அகவையில், சாலிஸ்பரி நகர் மருத்துவமனைக்குச் சென்று நோயாளரைப் பேணும் முறையைக் கற்க விடைதருமாறு அவர் பெற்றோரை வேண்டினார். வீடு கலங்கிற்று. தாயார் அழுதார், தமக்கையார் மயங்கினார், விடை கிடைத்திலது. அவர்களையும் நாம் முற்றும் குறைகூறற்கில்லை. அந்நாளில் இங்கிலாந்து மருத்துவமனைகளிற் செவிலியராயிருந்தோர் பெரும்பாலார் வேறு பிழைப்பற்ற ஏழைப் பெண்டிர், கல்வியுமில்லை, கற்பிப்பாருமில்லை. அவருட் பலர் குடிப்பழக்கமுடையரென்று பெயர் கேட்டிருந்தனர். அத்தகைய இடத்திற்கு மகளை விடுக்க எத்தாய் இசைவாள்? நம் சங்கத்தார் இல்லங்களிலும், மகளைச் செவிலியர் கல்லூரிக்கு அனுப்புவதா என்னும் பேச்செழும்போது, உறவினர் என்சொல்வர், இரவுப்பணி எங்ஙனம், பிறர் அழுக்கைத் தொடுவதா என்று இன்னும் சில பெரியோர் தயங்குதலை யாம் அறிவோம். தயங்குவோர் அவ்வம்மையாரின் தாயார்க்கு உறவினரே. வேறுபாடொன்று: அத்தாயார் அஞ்சிய மருத்துவமனை அன்று மெய்யாகவே இருந்தது, இன்று அஃதில்லை.

அம்மையார் அடங்கியிருந்தார் போலத் தோன்றினும் அடங்கவில்லை. விடியற்காலையில் ஒருவரும் எழுமுன் எழுந்து, மருத்துவமனைகளைப் பற்றிய அரசினர் அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்து வந்தார். ஆறாண்டு கழிந்து 1851-ஆம் ஆண்டிலே, ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரைக் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரிற் சமயத் தொண்டர் நடாத்திய மருத்துவ இல்லத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கிப் பயின்றார். 1853-இல் இலண்டனில் நோயுற்ற மாதர்க்கான சிறு விடுதியொன்றின் தலைமை கிடைத்தது.

மறு ஆண்டு கிரிமியப் போரில் இங்கிலாந்தும் இறங்கிற்று. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் வேண்ட, அம்மையார் முப்பத்தெட்டு மகளிருடன் புறப்பட்டு, 1854-ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார். இரவிற் கைவிளக்கேந்திப் படுக்கைதொறும் சென்றாரென்னும் கதையை நம் சிறுவரும் பாடப்புத்தகத்திற் படித்திருப்பர். அது மெய்யே. ஆயினும் அவ்விளக்கின் ஒளியில் மறைந்துபோன செய்தியொன்றுண்டு. அம்மையார் சென்ற பின்னும் சாவு குறைந்திலது. 1855 பெப்ருவரியில் மருத்துவமனை புகுந்தோரில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு என்னும் அளவுக்கு ஏறிற்று. மார்ச்சு மாதம் சுகாதாரக் குழுவினர் வந்து, கட்டடத்தின் கீழுள்ள கழிநீர்க் கால்களைத் தூய்மை செய்து, காற்றோட்டமும் நன்னீரும் அமைத்த பின்னரே அத்தொகை விரைந்திறங்கி, ஜூன் அளவில் நூற்றுக்கு இரண்டாயிற்று.

போர் முடிந்து 1856-இல் ஊர் மீண்ட அம்மையார், வில்லியம் பார் என்னும் புள்ளிக்கணக்கு வல்லாரோடு அமர்ந்து இறந்தோர் கணக்கை ஆய்ந்தார். போர்ப்புண்ணால் மாண்டோரினும், தடுத்திருக்கக்கூடிய நோயால் மாண்டோர் பன்மடங்கினர் என்பதை வட்டப்படங்களாக வரைந்து ஆட்சியாளர்க்குக் காட்டினார். அன்பும் உழைப்பும் இருந்தும் அறிவு துணையில்லாவிடத்து நோயாளர் பிழையார் என்பதை இக்கணக்கினும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. சிறுமிப் பருவத்துக் கணக்குப் பற்று இங்கே பயன்பட்டது. புள்ளியியற் கழகம் 1858-இல் அவரை முதற் பெண் உறுப்பினராக ஏற்றது.

போர்க்காலத்திலேயே நாட்டு மக்கள் அவர் பெயரால் நிதி திரட்டத் தொடங்கினர். அது நாற்பத்தையாயிரம் பவுனை எட்டிற்று. அப்பொருளால் 1860-ஆம் ஆண்டு இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையிற் செவிலியர் பள்ளி திறக்கப்பெற்றது. முதற்கண் சேர்ந்தோர் பதினைவர். இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வயதுவரை உள்ளோரே கொள்ளப்பட்டனர். ஒவ்வொருவர்க்கும் தனியறை, உணவு, சீருடை, ஆண்டுக்குப் பத்துப் பவுன் கைப்பொருள். பயிற்சி ஓராண்டு. புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுதல், எழமாட்டாதாரை அசைத்துப் படுக்கை மாற்றுதல், நோயாளர்க்கு உணவு சமைத்தல், அறையிற் காற்றோட்டங் காத்தல், நாடி, தோல், பசி, உறக்கம் ஆகியவற்றின் மாற்றத்தைக் கண்டு மருத்துவர்க்குச் சொல்லுதல் என்பன கற்க வேண்டியவை. காலந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை இவற்றிற்கும் மாதந்தோறும் தலைவியார் குறிப்பெழுதினர். மாணவியரும் தாம் கண்ட நோயாளரைப்பற்றி எழுதிவைத்தல் வேண்டும்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் இவ்விடத்தில் நிறுத்திப் புகழ்ந்து முடிப்பர். நிகழ்ந்தது அத்துணை நேரியதன்று. அம்மையார் 1857 முதல் நோய்வாய்ப்பட்டுப் பெரும்பாலும் அறையிலேயே இருந்தமையின் பள்ளியை நாடோறும் காண இயலவில்லை. பத்தாண்டு கழித்து அணுகி ஆராய்ந்தபோது, விரிவுரைகள் ஒழுங்காய் நடவாமையும், மாணவியரைப் பயிற்றுவதற்கு மாறாகக் கூலியில்லா வேலையாட்களாக மருத்துவமனை பயன்கொண்டமையும் தெரியவந்தன. ஊழியம் மிகுந்து கல்வி குறைந்தது. பயிற்சி என்னும் பெயரால் வேலைமட்டும் வாங்கும் இக்குறை எந்நாட்டு மருத்துவமனைக்கும் எளிதில் வரத்தக்கது. மகளைச் சேர்க்கும் பெற்றோர் முதலிற் கேட்டறிய வேண்டுவதும் இதுவே. அம்மையார் வாளாவிருந்திலர். கற்பிக்கும் மருத்துவரை மாற்றுவித்தார்; மாணவியர் விடுதியில் அவர் படிப்பைக் கவனிக்கத் தனியே ஒரு மூத்த செவிலியை அமர்த்தச் செய்தார்; மாணவியரைத் தம் அறைக்கு ஒவ்வொருவராய் அழைத்து உசாவி, அவர்தம் நாட்குறிப்புகளையும் பார்த்தார். 1872 முதல் அவர்கட்கு மடல்களும் எழுதிவந்தார். அங்குப் பயின்ற லூசி ஆஸ்பர்ன் முதலியோர் ஆஸ்திரேலியா வரை சென்று பிற மருத்துவமனைகளிற் பயிற்சியைப் பரப்பினர்.

முதுமையில் அவர்க்கொரு வழக்கு வாய்த்தது. 1887-இல் எழுந்த செவிலியர் சங்கத்தார், மூன்றாண்டு பயின்று தேர்வு பெற்றோரைப் பதிவேட்டிற் பொறித்தல் வேண்டுமென்றனர். அம்மையார் எதிர்த்தார். பொறுமையையும் கூர்ந்த நோக்கையும் தேர்வுத்தாள் அளக்குமோ என்பது அவர் ஐயம். மாணாக்கர்க்குத் தேர்வு வைத்துப் பழகிய எமக்கு அவ்வையம் பொருளற்றதாகத் தோன்றவில்லை. ஆயினும் இவ்வழக்கில் யாம் சங்கத்தார் பக்கமே நிற்போம். கற்றவள் யார் கல்லாதவள் யார் என்று நோயாளி எதனால் அறிவான்? அவர் மறைந்தபின் 1919-இற் சட்டம் பதிவேட்டை ஏற்படுத்திற்று.

பல்கலைக்கழகங்களும் இக்கல்வியைத் தம்முள் ஏற்கத் தொடங்கின. 1909-இல் அமெரிக்க மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் செவிலியர் பள்ளியொன்றைத் தன்னகத்தே அமைத்தது. நம் நாட்டிற் பட்டப்படிப்பு 1946-ஆம் ஆண்டு டில்லியிலும், நம் வேலூரிலும் தொடங்கிற்று. இக்காலத்து அப்படிப்பு நான்காண்டு. உடற்கூறும் மருந்தியலும் வகுப்பிற் கற்கும் மாணவியே மகப்பேறு, குழந்தைநலம், மனநோய், ஊர்ச்சுகாதாரம் எனப் பிரிவுதோறும் சென்று ஆசிரியர் கண்காணிப்பில் நோயாளரைப் பேணித் தான் செய்தவற்றை ஏட்டில் எழுதிக் கையொப்பம் பெறுகின்றாள். தேர்வும் உண்டு, நாட்குறிப்பும் உண்டு. இரு கட்சியாரும் கேட்டது ஒருவாறு கிடைத்தது.

இந்தியாவுக்கு அம்மையார் ஒருமுறையும் வந்திலர். எனினும் 1859-இல் அமைந்த ஆணைக்குழுவின் பொருட்டு, இந்நாட்டுப் படைநிலையங்களுக்கெல்லாம் வினாத்தாள் விடுத்து விடைகளை ஆராய்ந்தார். ஆங்கிலப் படைவீரருள் ஆண்டுதோறும் ஆயிரவர்க்கு அறுபத்தொன்பதின்மர் மாண்டனர் என அக்குழு 1863-இல் வெளியிட்டது. அதன்பின் நம் ஊர்களின் நீர்நிலை, வடிகால், பஞ்சம் ஆகியவை குறித்தும் பல்லாண்டு எழுதிவந்தார்.

1907-இல் ஆங்கில அரசரின் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் விருது முதன்முதலாக ஒரு பெண்மணிக்கு வழங்கப்பெற்றது, அவர் இவரே. அப்போது கண்ணொளி குன்றியிருந்தது. 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள் தம் தொண்ணூறாம் அகவையில் இலண்டனில் உயிர்நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர்ப் பெருங்கோயிலில் அடக்கஞ் செய்ய அரசினர் இசைந்தும் உறவினர் ஏற்றிலர். ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூர்க் கோயில் வளாகத்தில், முன்னொருகால் விடைதர மறுத்த பெற்றோரின் கல்லறை அருகே அவரும் அடக்கஞ் செய்யப்பெற்றார். அக்கல்லில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த நாளும் இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள.